விலை உயர்ந்த டிரைவர் போட்டால் ஸ்பீக்கரின் தரம் கூடுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. தாழ்ந்த ஒலிக்கு ஒரு 6.5 அங்குல ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர் என்று இரண்டு டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் பாகங்கள்) வைத்து டூ-வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சொந்தமாகச் செய்யப் போகிறீர்கள். எஸ்பி அகூஸ்டிக்ஸ் டிரைவர்களுக்கென்றே போட்ட பிளான் ஒன்று கையில் இருக்கிறது. அதே பெட்டியில், அதே கிராஸ்ஓவரில் (ஒலியை இரண்டு டிரைவருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்று) ஸ்கேன்-ஸ்பீக் நிறுவனத்தின் இல்லுமினேட்டர் வரிசை டிரைவர்களைப் பொருத்தினால் செலவு பல மடங்கு ஏறுகிறது. அந்தப் பணத்துக்குத் தகுந்த வித்தியாசம் காதில் விழுமா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விலை கூடிய டிரைவரில் நிஜமாகவே கூடுதலாக ஏதாவது இருக்கிறதா? இருந்தால், உங்கள் அறையில், நீங்கள் பாட்டு கேட்கும் சத்தத்தில் அது வெளியே தெரியுமா? முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், இருக்கிறது. இரண்டாவதற்கு, பெரும்பாலான வீடுகளில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உடனே பதில் எழுத வைத்தது 'அதே கிராஸ்ஓவரில்' என்ற சொல். அதைமட்டும் செய்யாதீர்கள். செலவும் ஆகும், ஸ்பீக்கரும் கெடும்.

நான் நெடுநாளாக ஸ்பீக்கர் வடிவமைப்பதும் அளப்பதுமாக இருப்பவன். பெரும்பாலும் சிறிய, நடுத்தர அறைகளுக்கான டூ-வே, த்ரீ-வே பாஸிவ் ஸ்பீக்கர்கள் (வெளியே தனி ஆம்ப் வேண்டியவை). சில வருடங்களாக, ஆம்பும் ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பியும் உள்ளேயே வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர்களும். ஹார்ன் ஸ்பீக்கர், மூன்று நான்கு வாட் வால்வ் ஆம்ப் உலகத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். நான் சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் அந்த மாற்றும் யோசனையை முடித்துவிடுவோம். தெரிந்த ஒருவர் ஒருமுறை ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். ட்வீட்டரை மட்டும் விலை கூடியதாக மாற்றியிருந்தார். 'விவரம் நிறையத் தெரிகிறது, ஆனால் பாடகரின் குரல் பின்னால் போய்விட்டது' என்பது அவர் குறை. மைக் வைத்து அளந்தால் காரணம் உடனே தெரிந்தது. புது ட்வீட்டர் பழையதைவிட மூன்று டெசிபல் உரத்தது, ஆகவே ஐந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் 'விவரம்' என்று சொன்னது அதைத்தான். கிராஸ்ஓவர் நடக்கும் 2,500 ஹெர்ட்ஸை ஒட்டி ஆழமான பள்ளம். புது ட்வீட்டரின் இம்பிடன்ஸும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) அது தானாக அதிரும் ஒத்ததிர்வு இடமும் வேறு. பழைய ட்வீட்டருக்கென்று கணக்குப் போட்ட கப்பாசிட்டரும் கம்பிச்சுருளும் (காயில்) இதற்கு வேறு ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்துக்கு வேறு நேரத்தைக் கொடுத்தன. ஊஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. குரலின் தெளிவு இருக்கும் இடமே அதுதான். பழைய ட்வீட்டரைத் திரும்பப் போட்டதும் அந்தக் குறை தீர்ந்தது.

இது ஏன் இவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு கணக்குப் பாருங்கள். 2,500 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் 13.7 செ.மீ. ஊஃபரின் கோனை (கூம்பை) அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், பெட்டியின் முன்பலகையான பேஃபிளுக்குப் பின்னால் குழிந்து உட்கார்ந்திருக்கும், ட்வீட்டரின் குவிந்த டோம் முன்னால் நிற்கும். இரண்டுக்கும் நடுவே 2.5 செ.மீ. வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அந்த அலைநீளத்தில் அதுவே சுமார் 65 டிகிரி ஃபேஸ் மாற்றம். இரண்டு டிரைவரும் ஒரே ஃபேஸில் சேர்ந்தால் ஒலி 6 டெசிபல் கூடும்; 120 டிகிரி விலகினால் ஒன்றுமே கூடாது; 180 டிகிரி ஆனால் ஒன்றையொன்று அழித்துவிடும். நல்ல டிசைனர் அந்த 65 டிகிரியையும் கணக்கில் எடுத்துத்தான் ஒவ்வொரு பாகத்தின் மதிப்பையும் தேர்ந்தெடுத்திருப்பார். டிரைவரை மாற்றினால் அந்த வேலை அத்தனையும் வீண். கிராஸ்ஓவர் என்பது குறிப்பிட்ட இரண்டு டிரைவர்களுக்கு, குறிப்பிட்ட அகலமுள்ள ஒரு பேஃபிளில் அளவெடுத்துத் தைத்த சட்டை.

டிரைவரின் விலைக்கும் ஸ்பீக்கரின் தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பேச எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் பிபிசியின் எல்எஸ்3/5ஏ. 1970களில் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவு, வெளிப்புற ஒலிபரப்பு வேன்களைப் போன்ற இடுக்கமான இடங்களில் வைக்க உருவாக்கிய, ஒலியைச் சரிபார்க்கும் சின்ன மானிட்டர் ஸ்பீக்கர். உள்ளே ஐந்து லிட்டர் அளவுதான் இடம். அதில் இருந்தவை கெஃப் நிறுவனத்தின் பி110 என்ற ஐந்து அங்குல பெக்ஸ்ட்ரீன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) கோன் ஊஃபரும், டி27 என்ற முக்கால் அங்குல ட்வீட்டரும். அரிய பொருள் எதுவும் இல்லை. அதே டிரைவர்கள் அந்தக் காலத்து வேறு வீட்டு ஸ்பீக்கர்களிலும் இருந்தன. பி110 ஒன்றும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சத்தம் தரும் தட்டையான டிரைவர் இல்லை, ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மேடு உண்டு. பிபிசி பொறியாளர்கள் அந்த மேட்டைக் கிராஸ்ஓவரிலேயே சரிசெய்தார்கள். ஒவ்வொரு ட்வீட்டரின் சத்த அளவும் கொஞ்சம் மாறும் என்பதால், கிராஸ்ஓவரில் பல முனைகள் கொண்ட ஆட்டோ-டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அளந்து பார்த்துப் பொருத்தமான முனையில் இணைத்தார்கள். பெட்டி மெல்லிய பிர்ச் பிளைவுட், உள்ளே அதிர்வை அடக்கப் பிட்டுமன் தகடு. ட்வீட்டரைச் சுற்றி ஒட்டிய ஃபெல்ட், பெட்டியின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலியைக் குறைத்தது. எத்தனை தலைமுறை கேட்டும் அந்தக் குட்டிப் பெட்டியிலிருந்து வரும் மனிதக் குரலுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அதே ஸ்பீக்கரின் கதையில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டிரைவர் உற்பத்தி காலப்போக்கில் கொஞ்சம் விலகிப்போனது பிபிசிக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 1980களின் கடைசியில் மாற்றப்பட்ட பி110-ஐ வைத்துக் கிராஸ்ஓவரையே புதிதாகப் போட்டு, 15 ஓம் ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. ஆக, டிரைவர் விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இன்று வாங்கியதும் அடுத்த வருடம் வாங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல டிரைவரின் விலையில் ஒரு பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. இதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. என்னைப் போல வேலை செய்பவர்களுக்கு இதுதான் முதல் தேவை. இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார். சென்னை ரிச்சி தெருவில் பெட்டி மேல் வாட் எண்ணை மட்டும் அச்சடித்து விற்கும் டிரைவரில் பயம் இதுதான். ஒலி மோசமாக இருக்கும் என்பதில்லை; அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியாது. எஸ்பி அகூஸ்டிக்ஸ் அந்தக் கூட்டத்தில் சேராது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள சினார் பாஜா குழுமத்தின் பிராண்ட் அது. வடிவமைப்பில் டென்மார்க் டிரைவர் துறையில் ஊறிய பொறியாளர்கள் இருந்தார்கள். ஸ்கேன்-ஸ்பீக் டென்மார்க்கின் விடபெக்கில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி பொறியியல், இன்னொரு பகுதி எங்கே, எந்தக் கூலியில் செய்கிறார்கள் என்பது.

சரி, காது எதை முதலில் கவனிக்கிறது? இதில் நமக்கு ஓரளவு உறுதியான விஷயங்கள் தெரியும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் 1980களில் செய்த கண்மறைத்த கேட்புச் சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்டபோது பெரும்பாலானோரின் விருப்பம் ஒன்றாகவே இருந்தது. நேராகவும் பக்கவாட்டிலும் ஒலி சீராக இருக்கும் ஸ்பீக்கரை விரும்பினார்கள். பின்னர் அவர் ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவ் 2004இல் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை வைத்து, கேட்பவர்கள் எந்த மதிப்பெண் கொடுப்பார்கள் என்று கணிக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். கணிப்புக்கும் நிஜ மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்புக் கெழு 0.86 (1 என்றால் முழுப் பொருத்தம்). அந்தச் சூத்திரத்தில் இருப்பவை நான்கே விஷயங்கள். நேர் ஒலியின் சீர்மை, அறையில் சேரக்கூடிய ஒலியின் சீர்மை பற்றி இரண்டு அளவுகள், அப்புறம் பாஸ் எவ்வளவு கீழே போகிறது என்பது. பாஸுக்கு மட்டும் சுமார் 30 சதவீத எடை. டிஸ்டார்ஷனுக்கு (ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் ஒலிக் கெடுதல்) அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. கோன் எதால் ஆனது, காந்தம் எவ்வளவு பெரியது, ஒன்றும் இல்லை.

இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. அந்தச் சோதனைகளில் ஸ்பீக்கர்களை அவற்றின் எல்லை வரை உரக்க ஓட்டிப் பார்க்கவில்லை. தனி ஸ்பீக்கராகக் கேட்டார்கள். ஆகவே டிஸ்டார்ஷன் முக்கியமே இல்லை என்று அதிலிருந்து முடிவெடுக்க முடியாது. சாதாரண சத்தத்தில், ஓரளவு நல்ல ஸ்பீக்கர்களுக்குள், அது முதல் வரிசையில் நிற்கும் விஷயம் இல்லை. இதுவரைதான் சொல்லலாம்.

அந்த முதல் வரிசை விஷயங்களில் பெரும்பாலானவை டிரைவரின் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு 6.5 அங்குல ஊஃபரின் கோன் விட்டம் சுமார் 13 செ.மீ. அலைநீளம் அந்த அளவுக்கு இறங்கும் 2,600 ஹெர்ட்ஸ் வாக்கில் கோன் ஒலியைக் குறுகலாக நேரே அனுப்ப ஆரம்பிக்கும். அதே அதிர்வெண்ணில் ஒரு அங்குல டோம் எல்லாப் பக்கமும் பரப்பும். கிராஸ்ஓவரில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பக்கவாட்டு ஒலியில் ஒரு வீக்கம் வரும். அது சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் திரும்பும். ஆயிரம் ரூபாய் ஊஃபரானாலும் முப்பதாயிரம் ரூபாய் ஊஃபரானாலும் 13 செ.மீ. 13 செ.மீ.தான். இதற்கு மருந்து ட்வீட்டரைச் சுற்றி ஒலிக்கு வழிகாட்டும் குழிவான வேவ்கைடு ஒன்று போடுவது, அல்லது கிராஸ்ஓவரைக் கீழே இறக்குவது. 2013இல் வந்த ஜேபிஎல் எல்எஸ்ஆர்305 இதற்கு நல்ல சாட்சி. ஐந்து அங்குல ஊஃபர், சாதாரண ட்வீட்டர், உள்ளேயே இரண்டு கிளாஸ்-டி ஆம்ப். விலை அப்போது ஒன்றுக்குச் சுமார் 150 டாலர். ஆனால் அதன் வேவ்கைடு வடிவம் அதே நிறுவனத்தின் மிக விலை உயர்ந்த எம்2 மானிட்டருக்காகச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அளந்து பார்த்தால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள எத்தனையோ வீட்டு ஸ்பீக்கர்களைவிட அது சீராக இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் சீக்கிரம் மூச்சு வாங்கும், அமைதியான அறையில் லேசான ஹிஸ் கேட்கும். அந்த விலையில் எதைக் கைவிட்டார்கள் என்பதும் அதில் தெரிகிறது.

இப்போது பணம் நிஜமாக எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். முதலாவது மோட்டார், அதாவது கோனை அசைக்கும் காந்தமும் வாய்ஸ் காயிலும். வாய்ஸ் காயில் முன்னும் பின்னும் அசையும்போது காந்தப்புலம் அதன்மேல் செலுத்தும் விசை மாறாமல் இருக்க வேண்டும். மலிவான டிரைவரில் காயில் கொஞ்ச தூரம் போனதும் விசை குறையும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாகக் குறையாது. காயிலின் இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) இடத்துக்கு இடம் மாறும். கீழே ஒரு பாஸ் கிட்டார் கோனை ஆட்டும்போது மேலே போகும் குரல் அதனோடு சேர்ந்து கலங்கும். இதைத் தடுக்கக் காந்தத்தின் நடுத் துருவத்தின் மேல் செம்பு மூடியும், அலுமினிய வளையமும் போடுவார்கள். இது நிஜமான செலவு, நிஜமான பலன். ஜெர்மனியின் வொல்ஃப்காங் க்ளிப்பல் உருவாக்கிய அளவீட்டுக் கருவிகள் வந்தபிறகு இவற்றை ஊகிக்க வேண்டியதில்லை, வளைவாக வரைந்தே பார்க்கலாம். செம்பு போட்ட டிரைவரும் போடாத டிரைவரும் அந்த வரைபடத்தில் வேறு வேறு பிறவி.

இரண்டாவது, கோனின் நடத்தை. இங்கே விலை கூடியது எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெக்னீசியம், அலுமினியக் கோன்கள் மிக விறைப்பானவை. ஒரு எல்லை வரை ஒரே துண்டாக அசையும். அதைத் தாண்டினால் மணி போல ஒலிக்கும். ஒரு உலோக ஊஃபருக்கு 5,000 ஹெர்ட்ஸில் பத்து டெசிபல் உயரத்துக்குச் சிகரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிராஸ்ஓவர் 2,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அந்தச் சிகரத்தை மட்டும் வெட்டி அடக்கும் நாட்ச் ஃபில்டரும் போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் மோட்டார் 1,670 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை வாசிக்கும்போது தானாகவே மூன்றாம் ஹார்மோனிக்கை, அதாவது மூன்று மடங்கு அதிர்வெண்ணைப் பிறப்பிக்கிறது. அது 5,000ஐ ஒட்டி விழுகிறது. அந்த டிஸ்டார்ஷன் கிராஸ்ஓவருக்குப் பிறகு, டிரைவருக்கு உள்ளே பிறப்பது. ஊஃபருக்குத் தொடரில் வரும் சில வகை நாட்ச் அதை ஓரளவு குறைக்கும், முழுதாக அடக்காது. கோன் அதைப் பத்து டெசிபல் பெருக்கிக் கொடுத்துவிடும். ஆகவே உலோகக் கோனுக்கு மிக நல்ல மோட்டாரும், தாழ்ந்த கிராஸ்ஓவரும், அதைத் தாங்கும் ட்வீட்டரும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அருமை. சேராவிட்டால், நன்றாகச் செய்த ஒரு சாதாரணக் காகிதக் கோன் காதுக்கு இதைவிட இதமாக இருக்கும். நான் பாஸிவ் டூ-வே செய்தால் இன்றும் பெரும்பாலும் காகிதத்தைத்தான் எடுக்கிறேன்.

மூன்றாவது, அசையும் தூரம். பாஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை, அதில் ஏமாற்ற முடியாது. 135 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு 6.5 அங்குல கோன் இரு பக்கமும் 5 மி.மீ. அசைந்தால், 80 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 101 டெசிபல் கொடுக்கும். ஒரு ஆக்டேவ் கீழே, 40 ஹெர்ட்ஸில், அதே அசைவுக்கு 89தான். மூடிய பெட்டி, தரையின் ஆதரவு இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு இது. பெட்டியில் போர்ட் (காற்றுத் துளை) வைத்தால் அதன் டியூனிங்கை ஒட்டிக் கொஞ்சம் தப்பிக்கலாம். பணம் கொடுத்து 9 மி.மீ. அசையும் ஊஃபரை வாங்கினால் 5 டெசிபல் கூடும். அது நல்ல முன்னேற்றம். ஆனால் 340 சதுர செ.மீ. பரப்பும் 8 மி.மீ. அசைவும் உள்ள ஒரு சாதாரணப் பத்து அங்குல ஊஃபர் 12 டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். பரப்பு மலிவு, அசைவு விலை கூடியது. சின்னப் பெட்டிதான் வேண்டும் என்று வீட்டில் கட்டாயம் இருந்தால் அந்த அசைவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதுதான். இடம் இருந்தால் ஒரு சப்ஊஃபர் அந்த வேலையைக் குறைந்த செலவில் முடிக்கும்.

ட்வீட்டர் டோமின் உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய டோம் சுமார் 25,000 ஹெர்ட்ஸ் வாக்கில் மணியடிக்கும், பெரிலியம் அதற்கும் மேலே, வைரம் இன்னும் வெகு தூரத்தில். நம் காது 20,000ஐத் தாண்டாது, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். ஒரு ட்வீட்டரின் நிஜமான கஷ்டம் அதன் கீழ் எல்லையில், 1,500இலிருந்து 3,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே உதவுவது டோமுக்குப் பின்னால் உள்ள சின்னக் காற்றறையின் அளவு, மோட்டார், வேவ்கைடு. நடுத்தர விலையில் உள்ள ஒரு நல்ல துணி டோம் அங்கே பெரும்பாலும் போதும்.

இனி சந்தேகமான பகுதி. குறைந்த அளவு டிஸ்டார்ஷன் எந்த அளவுக்குக் காதில் விழுகிறது என்பதில் விவரம் அறிந்தவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஏர்ல் கெடஸும் லிடியா லீயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் எண்ணுக்கும் கேட்பவர்கள் உணரும் கெடுதலுக்கும் தொடர்பு இல்லை என்று காட்டினார்கள். இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்கைக் காது பெரும்பாலும் மன்னித்துவிடும். இசையே அவற்றை மறைத்துவிடும். உயர் வரிசை ஹார்மோனிக்குகளை மன்னிக்காது, குறிப்பாக மெல்லிய சத்தத்தில். இன்னொரு பக்கம், டென்மார்க்கின் ப்யூரிஃபை நிறுவனம் 2019 வாக்கில் கொண்டுவந்த 6.5 அங்குல ஊஃபர் இருக்கிறது. அதன் சரவுண்ட் (கோனின் விளிம்பைப் பிடித்திருக்கும் வளையம்) வழக்கமான அரைவட்டமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும். கோன் அசையும்போது சரவுண்ட் தானே ஒலி எழுப்பிப் பரப்பை மாற்றுவதைத் தடுக்க அந்த வடிவம். அளவீட்டில் அதன் கலப்பு டிஸ்டார்ஷன் மிகக் குறைவு. வேலைக்குத் தகுந்த விலை என்று நான் தயங்காமல் சொல்லும் டிரைவர்களில் அது ஒன்று. சின்னப் பெட்டியில் ஆழமான பாஸும் தெளிவான குரலும் ஒரே கோனிலிருந்து வேண்டும் என்னும்போது அதன் வித்தியாசத்தை நான் உரத்த சத்தத்தில் கேட்டிருக்கிறேன். மெல்லிய சத்தத்தில் கேட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

'வேகமான ஊஃபர்', 'கோன் எடை குறைவு, அதனால் விவரம் அதிகம்' என்ற பேச்சுக்களை ஒதுக்கிவிடலாம். ஊஃபரின் வேகம் அது எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை பாடுகிறது என்பதில் ஏற்கெனவே இருக்கிறது. கிராஸ்ஓவர் அதை எப்படியும் வெட்டிவிடுகிறது. கோனின் ஒரு ஒத்ததிர்வைச் சரியான ஃபில்டரால் தட்டையாக்கினால், அந்தத் திசையில் ஒலி நின்றபிறகும் நீளும் அதன் இழுவையும் சேர்ந்தே போய்விடும், இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகம்.

வாங்கிப் போட்டுக் கேட்டவர்கள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1994இல் டூலும் ஆலிவும் செய்த சோதனையில், ஹார்மன் ஊழியர்கள் 40 பேர் அதே நான்கு ஸ்பீக்கர்களைப் பார்த்தும் கேட்டார்கள், பார்க்காமலும் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, ஒரு சின்ன மலிவு செட்டின் மதிப்பெண் இறங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. அவர்கள் ஸ்பீக்கர் தொழிலில் இருப்பவர்கள். கண் பார்த்ததைக் காதிலிருந்து பிரிக்க அவர்களாலேயே முடியவில்லை என்றால், நேற்று பெரிய தொகை கட்டி இன்று டிரைவரைப் பொருத்தியவரால் எப்படி முடியும்?

உங்கள் அறையையும் மறக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால், நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு சுமார் 47 ஹெர்ட்ஸில், அகலவாக்கில் 56இல். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீடுகளில் அந்தச் சிகரங்கள் பத்து டெசிபலை எட்டுவது சாதாரணம். 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது பெரும்பாலும் அறையைத்தான். நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் வரும் மாற்றத்தை எந்த ஊஃபரும் கொடுக்காது. கீழே விரிப்பும் ஓரத்தில் புத்தக அலமாரியும் மேல் அதிர்வெண்களுக்கு உதவும். பாஸுக்கு இடம் மாற்றுவதும், அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைத் திருத்தும் ஈக்யூவும்தான் வழி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். எஸ்பி டிசைனை ஒரு பாகம்கூட மாற்றாமல் அப்படியே கட்டுவேன்; பேஃபிளின் அகலத்தையும் டிரைவர்களின் இடத்தையும் மி.மீ. மாறாமல் வைப்பேன். மிச்சப் பணத்தில் முதலில் யுமிக்-1 போன்ற அளவீட்டு மைக் ஒன்று. அளந்ததை வரைந்து காட்டும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். ஸ்பீக்கரை ஒன்றரை மீட்டர் உயரத்தில் தூக்கி வைத்து, மைக்கை ஒரு மீட்டரில் நிறுத்தி அளந்தால், தரையில் பட்டு வரும் ஒலி ஆறு மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரும். கூரை மூன்று மீட்டருக்குக் குறையாமல், சுவர்களும் அதேபோல் தள்ளி இருந்தால் எந்த எதிரொலியும் வருவதற்குள் அளவீட்டை வெட்டிவிடலாம், 160 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அளவு நம்பத் தகுந்தது. இரண்டு ஸ்பீக்கரின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி இணைத்தால் கிராஸ்ஓவரில் ஆழமான, சமச்சீரான பள்ளம் வருகிறதா என்று பாருங்கள். டிசைனர் கிராஃபில் அது இருந்தால் உங்களிடமும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பணம் இருந்தால் சப்ஊஃபர்.

இல்லுமினேட்டர்தான் வேண்டும் என்று மனம் பிடித்துவிட்டால், அதுவும் தவறில்லை. அவை அழகாகச் செய்த, நீண்டு உழைக்கும் டிரைவர்கள். ஆனால் அவற்றுக்கென்றே ஒருவர் அளந்து வெளியிட்ட டிசைனை எடுங்கள். நேர் ஒலி, பக்கவாட்டில் பத்துப் பத்து டிகிரியாக 60 டிகிரி வரை, 90 டெசிபலுக்கு மேல் எடுத்த டிஸ்டார்ஷன், இந்த மூன்று கிராஃபும் இல்லாத டிசைனுக்குப் பணம் கட்டாதீர்கள். அறையின் அளவு, ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும், ஆம்ப் எது என்று எழுதுங்கள். 20 செ.மீ. பேஃபிளில் 575 ஹெர்ட்ஸை மையமாக வைத்துக் கீழே ஒலி இறங்கும். சுவரை ஒட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால், அந்த இறக்கத்தை ஈடுகட்டும் திருத்தத்தை உங்கள் பிளானில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.